பேசும் கம்ப்யூட்டரும் பேசாத பாடநூலும்

டிசம்பர் 3-ஆம் தேதியை மாற்றுத்திறனாளிகளுக்கான சர்வதேச தினமாக ஐக்கிய நாடுகளின் பொதுச்சபை 1992-இல் பிரகடனம் செய்த பிறகு, நம் நாட்டுச் சர்வகலாசாலைகள் பலவற்றில் அந்தத் தேதியை ஒட்டி ஒரு விழா எடுப்பது வழக்கமாகிவிட்டது. காலையில் நாட்டு நலப்பணித் திட்டத்து மாணவர்கள் பதாகை ஏந்தி வளாகத்தைச் சுற்றி வருகிறார்கள். நடுப்பகலில் கண்ணைத் துணியால் கட்டிக்கொண்டு நடந்து பார்க்கும் பயிற்சியும், சக்கர நாற்காலியில் அமர்ந்து நூலக வாசல்வரை போய்ப் பார்க்கும் பயிற்சியும் நடைபெறுகின்றன. மாலையில், துணைவேந்தர் தலைமை வகிக்க, ஒரு வங்கியோ மென்பொருள் கம்பெனியோ பழைய மாணவர் சங்கமோ பத்து இருபது கம்ப்யூட்டர்களை மேடையில் வைத்து அன்பளிப்பாக வழங்குகிறது. மனம் உவந்து செய்யப்படும் இந்தக் காரியங்களில் எதையும் குறைத்துப் பேச நமக்கு உரிமை இல்லை. ஆனால் மேடையிலிருந்து இறங்கிய அந்தக் கம்ப்யூட்டர்கள் அடுத்த ஜூன் மாதத்தில் எந்த அறையில் இருக்கின்றன, அவற்றின் முன்னே யார் உட்கார்ந்திருக்கிறார்கள், உட்கார்ந்திருப்பவர் படிக்கவேண்டிய புத்தகம் அவற்றுக்குள்ளே இருக்கிறதா என்பவற்றைக் குறித்து யாரும் எழுதுவது அபூர்வம். அதை எழுதுவதே இந்தக் கட்டுரையின் நோக்கம்.

மாற்றுத்திறனாளி மாணவர்களுக்கு உதவுவது தர்மசிந்தனையை மட்டும் பொறுத்த விஷயமாக இப்போது இல்லை. 2011-ஆம் வருஷத்து ஜனத்தொகைக் கணக்கில் இந்தியாவில் 2.68 கோடிப் பேரும், தமிழ்நாட்டில் 11.79 லட்சம் பேரும் மாற்றுத்திறனாளிகளாகப் பதிவானார்கள். மாற்றுத்திறனாளிகளுக்கான 1995-ஆம் வருஷத்துச் சட்டம் 7 வகைக் குறைபாடுகளை அங்கீகரித்து, அரசாங்கக் கல்வி ஸ்தாபனங்களில் 3 சதவீத இடங்களை ஒதுக்கியிருந்தது. அதன் இடத்தில் வந்து, 2017 ஏப்ரல் 19 முதல் அமலில் இருக்கும் 2016-ஆம் வருஷத்துச் சட்டம், அந்தப் பட்டியலை 21 வகைகளாக விரித்ததோடு, அரசாங்க உயர்கல்வி ஸ்தாபனங்களிலும் அரசாங்க உதவி பெறுபவற்றிலும் குறைந்தது 5 சதவீத இடங்களை ஒதுக்கியாகவேண்டும் என்று விதித்து, வயது வரம்பிலும் ஐந்து வருஷம் தளர்த்தியது. அந்த ஒதுக்கீட்டை ஸ்தாபனங்கள் நிறைவேற்றியே தீரவேண்டும் என்று 2017 டிசம்பர் 15-ஆம் தேதி சுப்ரீம் கோர்ட் தீர்ப்பளித்தது. ஆகையால், பார்வையில்லாத ஒரு மாணவி சரித்திர எம்.ஏ. வகுப்பில் வந்து அமர்கிறார் என்றால், அவர் யாருடைய தயவினாலும் அங்கே வந்தவர் அல்லர். மற்ற மாணவர்களுக்குக் கிடைக்கும் அதே புத்தகம், அதே வாரத்தில், தாம் படிக்கக்கூடிய உருவத்தில் தமக்கும் கிடைக்கவேண்டும் என்று கேட்க அவருக்குப் பூரண பாத்தியதை உண்டு.

கம்ப்யூட்டர் இந்த மாணவர்களுக்கு எதைக் கொண்டுவந்தது என்பதை உணர்ந்துகொள்ள, அது வருவதற்கு முன் இருந்த நிலைமையைச் சிறிது எண்ணிப்பார்க்கவேண்டும். இந்திய பாஷைகள் யாவற்றுக்கும் பொதுவான பாரதி பிரெய்ல் முறை 1951-இல் வகுக்கப்பட்டு, தமிழும் அந்த ஆறு புள்ளிகளில் ஒரே விதமாக எழுதப்படலாயிற்று. ஆனால் பிரெய்ல் புத்தகம் பருமன் மிக்கது, அச்சிடும் செலவும் மிக்கது. பள்ளிப் பாடநூல்களைக் கடந்து சர்வகலாசாலைப் பாடங்களுக்கு அது எட்டியது மிகவும் குறைவு. நண்பர்களையும் சகோதரிகளையும் வாசிக்கச் சொல்லி, ஒலிநாடாவில் பதிந்து வைத்துக்கொண்டு, திரும்பத் திரும்பக் கேட்டே ஒரு தலைமுறை மாணவர்கள் பட்டம் பெற்றார்கள். 1976 ஜனவரியில் ரே கர்ஸ்வைல் என்ற அமெரிக்கர், அச்சிட்ட பக்கத்தை ஒளியால் வருடி உரத்த குரலில் வாசிக்கும் யந்திரம் ஒன்றை வெளியிட்டார். பாடகர் ஸ்டீவி ஒண்டர் அதை வாங்கியவர்களில் முதல்வர். சாதாரண மனிதர் ஒருவர் வாங்கும் விலையில் அது இல்லை. பிறகு, மோட்டார் சைக்கிள் பந்தய வீரராக இருந்து விபத்தொன்றில் பார்வையை இழந்த டெட் ஹென்டர், 1989-இல் 'ஜாஸ்' என்ற திரைவாசிப்பானைக் கொண்டுவந்தார். திரையில் தோன்றுவதையெல்லாம் பேச்சாக மாற்றித் தரும் அந்த மென்பொருளின் விலை ஆயிரம் டாலரை ஒட்டியிருந்தமையால், நம் நாட்டு மாணவர்களுக்கு அது கனவாகவே இருந்தது. அந்தத் தடையை நீக்கியவர்கள் ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த இரண்டு பார்வையற்ற இளைஞர்கள். மைக்கேல் கரன் 2006-இல் தொடங்கி, ஜேம்ஸ் தே உடன் சேர்ந்து வளர்த்த 'என்.வி.டி.ஏ.' என்ற திரைவாசிப்பானை யாரும் விலை கொடுக்காமல் நிறுவிக்கொள்ளலாம். அதன் மூலநிரலைத் திருத்தவும் செய்யலாம். இன்று அன்பளிப்பாக வரும் எந்தச் சாதாரணக் கம்ப்யூட்டரும் சில நிமிஷங்களில் பேசத் தொடங்குவது இவர்கள் செய்த உபகாரத்தினால்தான்.

அப்படிப் பேசும் கம்ப்யூட்டரில் ஒரு முதுகலை மாணவி வேலை செய்வதை ஒரு பிற்பகல் முழுவதும் அருகில் அமர்ந்து பார்க்கும் சந்தர்ப்பம் எனக்கு வாய்த்தது. திரை முதலில் அணைந்தே கிடந்தது. அவருக்கு அது தேவைப்படவில்லை. விசைப்பலகையில் 'எஃப்', 'ஜே' என்ற இரண்டு விசைகளின்மேல் மட்டும் சிறு மேடாக ஒரு கோடு இருப்பதை நம்மில் பெரும்பாலோர் கவனித்திருக்கமாட்டோம். அவருடைய இரண்டு ஆள்காட்டி விரல்களும் அந்தக் கோடுகளைத் தேடி அமர்ந்ததும் மற்ற விரல்கள் தம் தம் இடத்தில் தாமாகவே அமர்ந்தன. ஒலிப்பானை ஒரு காதில் மாத்திரம் மாட்டியிருந்தார். மற்றொரு காது அறையில் நடப்பதற்கு. 'எச்' விசையை அழுத்த அழுத்த, பக்கத்தின் தலைப்பிலிருந்து தலைப்புக்குத் தாவிச் சென்றார். வேண்டிய இடம் வந்ததும் கீழ்நோக்கிய அம்புக்குறியால் வரிவரியாக இறங்கினார். நான் ஏதோ கேட்க வாயெடுத்தபோது 'கன்ட்ரோல்' விசையைத் தட்டிக் குரலை நிறுத்திவிட்டு என் பக்கம் திரும்பினார். ஒலிப்பானை எனக்குக் கொடுத்துக் கேட்கச் சொன்னபோது, சொற்கள் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்து உருளும் வேகத்தில் எனக்கு ஒரு வாக்கியம்கூடப் பிடிபடவில்லை. அவர் அதே வேகத்தில் ஒரு நாளைக்குப் பல மணி நேரம் படிக்கிறார். ஆங்கிலக் கட்டுரை ஒன்றை, நான் கண்ணால் வாசித்து முடிப்பதற்கு முன் அவர் காதால் வாசித்து முடித்துவிட்டார்.

அடுத்து அவர் திறந்தது, தமது துறையில் கொடுத்த தமிழ்ப் பாடக்குறிப்பு. பி.டி.எஃப். கோப்பு, என் கண்ணுக்கு அது அழகாக அச்சிட்ட தெளிவான தமிழ். யந்திரமோ ஆங்கில எழுத்துக்களைக் கோவையில்லாமல் உளறத் தொடங்கியது. காரணம் விளக்கத் தகுந்தது. தமிழ் எழுத்துக்களைத் தமிழாகவே பதிவுசெய்யும் யூனிகோடு முறை பரவுவதற்கு முன், தமிழைத் தட்டச்சு செய்யப் பாமினி முதலான எழுத்துருக்கள் வழங்கிவந்தன. இன்றும் அச்சகங்கள் பலவற்றில் வழங்குகின்றன. அவற்றில் கம்ப்யூட்டரின் நினைவில் பதிவாகிறவை ஆங்கில எழுத்துக்களே. அவற்றுக்குத் தமிழ் வடிவத்தைப் போர்த்திக் காட்டுவது மட்டுமே எழுத்துருவின் வேலை. பாமினியில் 'தமிழ்' என்று நாம் காணும் சொல், உள்ளே ஜே, கே, பி, ஓ என்ற நான்கு எழுத்துக்களும் ஓர் அரைப்புள்ளியும் ஆகும். வடிவத்தைப் பார்க்கும் கண் ஏமாறுவதில்லை. உள்ளே இருப்பதை வாசிக்கும் திரைவாசிப்பானுக்கு அங்கே தமிழ் என்பதே இல்லை. இரண்டாவதாக அவர் திறந்த கோப்பு இன்னும் மோசம்: பழைய நூல் ஒன்றின் பக்கங்களை யாரோ வருடி, வெறும் படங்களாகச் சேர்த்திருந்தார்கள். யந்திரம் ஒன்றும் பேசவில்லை. அந்த அறையிலிருந்த கம்ப்யூட்டர்கள் அனைத்தும் ஒரு ஸ்தாபனம் மனமுவந்து கொடுத்தவை, திரைவாசிப்பானும் நிறுவப்பட்டிருந்தது, தமிழ்க் குரலும் இருந்தது, அவர் அந்தப் பருவத்தில் படிக்கவேண்டிய பாடம் மட்டும் அவருக்கு எட்டாமல் திரைக்குள்ளே இருந்தது.

இந்தத் தடை நீக்கமுடியாத ஒன்றாக இருந்தால் நாம் வருந்துவதோடு நின்றுவிடலாம். ஆனால் நீக்குவதற்கு வேண்டியவை யாவும் கையருகே இருக்கின்றன. தமிழ்நாடு அரசாங்கம் 2010-இலேயே யூனிகோடைத் தரநியமமாக ஏற்று ஆணை பிறப்பித்துவிட்டது. பழைய எழுத்துருவில் தட்டச்சான மூலக்கோப்பு கிடைத்தால், அதை யூனிகோடுக்கு மாற்றும் மென்பொருள்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. ஓர் அத்தியாயத்தை மாற்ற ஒரு நிமிஷம் ஆகாது. மூலக்கோப்பு இல்லாமல் அச்சுப் புத்தகம் மட்டுமே உள்ளபோது, அச்செழுத்தை அறிந்து உரையாக மாற்றும் மென்பொருள்கள் உண்டு. பெங்களூரு இந்திய விஞ்ஞானக் கழகத்தில் பேராசிரியர் ஏ.ஜி. ராமகிருஷ்ணனும் அவருடைய ஆய்வுக்கூடத்தினரும் தமிழ் எழுத்தறி மென்பொருளுக்காகவும் தமிழ் பேசும் மென்பொருளுக்காகவும் நெடுங்காலம் உழைத்திருக்கிறார்கள். சட்டமும் குறுக்கே நிற்கவில்லை. 2012-இல் திருத்தப்பட்ட பதிப்புரிமைச் சட்டம், மாற்றுத்திறனாளிகள் படிக்கக்கூடிய உருவத்தில் ஒரு நூலை மாற்றிக் கொடுக்க அனுமதிக்கிறது. இதே காரியத்துக்காக 2013-இல் ஏற்பட்ட மராக்கேஷ் ஒப்பந்தத்தை 2014-இல் உலகிலேயே முதலாவதாக உறுதி செய்த தேசம் இந்தியா. அவ்வாறு மாற்றப்பட்ட நூல்களைத் திரட்டி வைக்கும் 'சுகம்ய புஸ்தகாலயம்' 2016 ஆகஸ்டு முதல் நடந்துவருகிறது. மும்பை செயின்ட் சேவியர் கல்லூரி 2003-ஆம் ஆண்டிலேயே பார்வையற்ற மாணவர்களுக்கென்று ஒரு தனி வள மையத்தை ஏற்படுத்திக்கொண்டது.

குறைவாக இருப்பது மெய்ப்புப் பார்க்கும் கைகள். எழுத்தறி மென்பொருள் எவ்வளவு திறமை வாய்ந்ததாயினும், பழைய ஈய அச்சில் 'ர' என்ற எழுத்தும் துணைக்காலும் ஒன்றுபோலத் தோன்றுமிடங்களில் தடுமாறும்; எகரத்தையும் ஏகாரத்தையும் மாற்றிப்போடும்; அடிக்குறிப்பைக் கொண்டுபோய்ப் பத்தியின் நடுவே சேர்க்கும்; அட்டவணையை வரிசை குலைத்துக் கொட்டும். இவற்றை ஒரு மனிதர் உட்கார்ந்து திருத்தியாகவேண்டும். தமிழ் வாசிக்கத் தெரிந்த எந்த மாணவரும் இதைச் செய்யலாம். விசேஷப் பயிற்சி ஒன்றும் வேண்டியதில்லை. ஆகவேதான், விழிப்புணர்வு ஊர்வலத்துக்காக ஒரு காலைப்பொழுதைக் கொடுக்கும் நூறு மாணவர்கள், அதே பொழுதில் ஆளுக்குப் பத்துப் பக்கம் மெய்ப்புப் பார்ப்பதாக வைத்துக்கொண்டால், அன்று உச்சிவேளைக்குள் ஆயிரம் பக்கம் படிக்கத் தகுந்ததாகிவிடும் என்பதை ஒவ்வொரு நாட்டு நலப்பணித் திட்ட அலுவலரும் யோசிக்கவேண்டும் என்று மிகுந்த ஆர்வத்தோடு கேட்டுக்கொள்கிறேன். ஆயிரம் பக்கம் என்பது ஒரு முதுகலைப் பருவத்தின் முக்கியமான பாடநூல்கள் அத்தனையும் ஆகும். தவிர, பத்துப் பக்கத்தைத் திருத்தி முடித்த மாணவர், தாம் அனுப்பும் சுற்றறிக்கையைப் படமாக அனுப்பாமல் உரையாக அனுப்பவேண்டும் என்பதைத் தம் ஆயுள் முழுவதும் மறக்கமாட்டார். விழிப்புணர்வு என்பதற்கு இதைவிட நேரான வழி எனக்குத் தோன்றவில்லை.

கண்ணைக் கட்டி நடக்கும் பயிற்சியைப் பற்றியும் இவ்விடத்தில் ஒரு வார்த்தை சொல்லியாகவேண்டும். நல்லெண்ணத்தோடு நடத்தப்படும் அந்தப் பயிற்சி நேர்மாறான பலனைத் தரக்கூடும் என்று அமெரிக்காவின் கொலராடோ சர்வகலாசாலையில் ஏரியல் சில்வர்மன் என்பவரும் அவருடைய சகாக்களும் செய்து 2015-இல் வெளியான ஆராய்ச்சி காட்டுகிறது; சில்வர்மன் தாமே பார்வையற்றவர். கண்ணைக் கட்டிக்கொண்டு பார்த்தவர்கள், பார்வையற்றவர்களால் உத்தியோகம் செய்யவும் தனித்து வாழவும் இயலும் என்பதில் மற்றவர்களைவிடக் குறைந்த நம்பிக்கை உடையவர்களாக ஆனார்கள். அது இயல்பே. துணியால் கண்ணைக் கட்டிக்கொள்பவர் அனுபவிப்பது பார்வையின்மையின் முதல் பத்து நிமிஷத்துத் திகைப்பை மட்டுமே. வருஷக்கணக்கில் பழகித் தேர்ந்த ஒருவருடைய சாமர்த்தியத்தின் சாயல்கூட அவருக்குக் கிட்டுவதில்லை. அதற்குப் பதிலாக, மேலே சொன்ன மாணவியைப் போன்றவர்கள் விசைப்பலகையின் முன் அமர்ந்து வேலை செய்வதை மற்றவர்கள் ஒரு மணி நேரம் பார்க்கட்டும். அனுதாபத்தோடு வந்தவர்கள் மரியாதையோடு திரும்புவார்கள்.

பார்வையற்றோரைப் பற்றியே இவ்வளவும் சொல்லிவந்ததற்குக் காரணம், அன்பளிப்பு செய்கிறவர்களும் பெரும்பாலும் அவர்களையே எண்ணிச் செய்கிறார்கள் என்பதே. சட்டத்தின் பட்டியலில் உள்ள 21 வகையில், பார்த்த மாத்திரத்தில் புலப்படாதவை பல. எழுத்துக்களைப் பிரித்தறிவதில் இடர்ப்படும் மாணவருக்கும் இதே திரைவாசிப்பான் பெரிய துணை. ஆனால் அவரைப் பார்த்து, 'உனக்குத்தான் கண் தெரிகிறதே' என்று அறைக்காவலர் திருப்பி அனுப்பிவிடுகிறார். கை நடுங்குகிறவருக்கு விசைகளை ஒவ்வொன்றாக அழுத்தினாலும் சேர்த்து அழுத்தியதாக ஏற்றுக்கொள்ளும் ஒரு சிறு வசதி விண்டோஸிலேயே இருக்கிறது. அதை இயக்கிக் கொடுக்க ஒருவர் வேண்டும். செவித்திறன் குறைந்தவருக்கு வேண்டியது பேசும் யந்திரம் அன்று, விரிவுரைக் காணொளியின் அடியில் ஓடும் எழுத்து. சக்கர நாற்காலியில் வருபவருக்கோ, கம்ப்யூட்டர் அறை தரைத்தளத்தில் இருந்தால் போதும். மின்தூக்கி இல்லாத கட்டடத்தின் மூன்றாம் மாடியில் இப்படிப்பட்ட ஓர் அறையைத் திறந்துவைத்த ஒரு விழாவுக்கு நானே சென்றிருக்கிறேன்.

யந்திரங்களின் வயதும் கவனிக்கத் தக்கது. கம்பெனிகள் தாம் சில வருஷம் உபயோகித்துக் கழித்தவற்றைக் கொடுப்பது சகஜம். அதில் தவறொன்றும் இல்லை. ஆனால் விண்டோஸ் 10-க்கான இலவசப் பாதுகாப்புத் திருத்தங்களை மைக்ரோசாப்ட் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு பொதுவாக நிறுத்திக்கொண்டது. அடுத்த பதிப்பை ஏற்கும் சக்தி பழைய கம்ப்யூட்டர்களில் பலவற்றுக்கு இல்லை. பசுவைத் தானம் செய்கிறவர் அதன் தீனிக்கும் ஒரு வழி செய்துவிட்டுப் போவது நம் பெரியோர் கண்ட முறை. கம்ப்யூட்டரைக் கொடுக்கிறவரும், மூன்று வருஷத்துப் பராமரிப்புக்கும், அறையைக் கவனிக்கும் ஒரு பயிற்றுநரின் சம்பளத்துக்கும் சேர்த்து ஏற்பாடு செய்தால், பத்துக்குப் பதிலாக ஐந்து கம்ப்யூட்டர்களைக் கொடுத்தாலும் அதுவே பெரிய கொடை. அந்தப் பயிற்றுநர் தாமே மாற்றுத்திறனாளியாக இருப்பது இன்னும் விசேஷம்.

ஏன் அப்படிச் சொல்கிறேன் என்பதற்குச் சரித்திரத்தில் ஓர் உதாரணம் உண்டு. கலிபோர்னியாவில் பதினான்கு வயதில் போலியோ கண்டு, கழுத்துக்குக் கீழே அசைவு பெரும்பாலும் இழந்து, இரவெல்லாம் இரும்பு நுரையீரல் எனப்படும் கனமான சுவாச யந்திரத்துக்குள் படுத்து உயிர்வாழ்ந்த எட் ராபர்ட்ஸ் என்ற வாலிபர், 1962-இல் பெர்க்கிலி சர்வகலாசாலையில் சேர்ந்தார். அவருடைய யந்திரத்தைத் தாங்கும் அறை எந்த விடுதியிலும் இல்லாமையால், வளாகத்திலிருந்த கவெல் மருத்துவமனையில் அவருக்கு இடம் கொடுத்தார்கள். அவர் படிக்கிறார் என்று கேள்விப்பட்டு மற்றவர்களும் வந்து சேர்ந்தார்கள். நோயாளிகளைப்போல நடத்தப்படுவதை வெறுத்த அந்த மாணவர்கள் ஒன்றுகூடி, 1970-இல் தம்மைப் போன்றவர்களுக்கான ஒரு திட்டத்தைச் சர்வகலாசாலைக்குள்ளேயே தொடங்கினார்கள். அதற்கு அவர்கள் வகுத்துக்கொண்ட வேலைகளைக் கவனிக்கவேண்டும்: உதவியாளர்களைத் தேடிக் கொடுப்பது, சக்கர நாற்காலி நுழையும் வீடுகளைக் கண்டறிவது, பழுதான நாற்காலியைப் பழுதுபார்ப்பது. நாற்காலி பழுதான அன்று வகுப்புக்குப் போகமுடியாது என்பதை நாற்காலியில் வாழ்கிறவர்கள் அறிவார்கள். ஆகையால் பழுதுபார்க்கும் பட்டறையைத் தங்கள் திட்டத்தின் ஓர் அங்கமாகவே அவர்கள் வைத்துக்கொண்டார்கள். 1972-இல் இதே முயற்சி ஊருக்குள் பரவி, சுயேச்சை வாழ்வு மையம் என்ற ஸ்தாபனமாக வளர்ந்தது. உலகெங்கும் அதைப் பின்பற்றிய மையங்கள் ஏற்பட்டன. உத்தியோகம் பார்க்கும் சாத்தியம் இல்லாதவர் என்று ராபர்ட்ஸை ஒருகாலத்தில் ஒதுக்கிய கலிபோர்னியா மறுவாழ்வு இலாகாவுக்கே, 1975-இல் அவர் தலைமை அதிகாரியாக நியமிக்கப்பட்டார்.

நம் சர்வகலாசாலைகளில் கம்ப்யூட்டர் அறையை எங்கே வைப்பது, எந்த நேரம்வரை திறந்திருப்பது, எந்த நூலை முதலில் உரையாக மாற்றுவது என்பவற்றைத் தீர்மானிக்கும் குழுவில், அவற்றை உபயோகிக்கும் மாணவர்கள் பாதிப்பேராவது இருக்கவேண்டும். மாலை ஐந்து மணிக்குப் பூட்டப்படும் அறை, ஐந்து மணிக்கு வகுப்பு முடிகிறவருக்கு எவ்விதப் பிரயோஜனமும் இல்லை என்பதை அவர்கள் முதல் கூட்டத்திலேயே சொல்லிவிடுவார்கள்.

பரீட்சையும் இதே குழுவின் கவனத்துக்கு வரவேண்டும். பார்வையற்ற மாணவர்களில் இன்னமும் பெரும்பாலோர், தாம் சொல்லச் சொல்ல எழுதும் ஒருவரை நம்பியே பரீட்சை எழுதுகிறார்கள். சரித்திரப் பெயர்களைப் பிழையாக எழுதும் உதவியாளரால் மதிப்பெண் இழந்தவர்கள் அநேகர். 2018 ஆகஸ்டில் மத்திய அரசாங்கம் வெளியிட்ட விதிமுறைகள், ஒரு மணி நேரத்துக்கு இருபது நிமிஷத்துக்குக் குறையாமல் கூடுதல் அவகாசம் தருவதோடு, விரும்புகிறவர் கம்ப்யூட்டரிலேயே விடை எழுதவும், அந்தக் கம்ப்யூட்டரை முதல் நாளே வந்து சோதித்துப் பார்க்கவும் இடம் தந்தன. அந்த முதல் நாளில் மாணவர் பார்க்கவேண்டியவை இவை: என்.வி.டி.ஏ. திறக்கிறதா, தமிழ்க் குரல் பேசுகிறதா, தாம் பழகிய தமிழ் விசைப்பலகை அமைப்பு அதில் இருக்கிறதா, மின்சாரம் நின்றால் எழுதியது காப்பாற்றப்படுமா. சர்வகலாசாலை பார்க்கவேண்டியது, மறுநாள் காலையில் அவருக்குத் தரப்போகும் வினாத்தாள் யூனிகோடில் இருக்கிறதா என்பது.